தேக்கு நிலையும் சுவரின் நிறமும்

படுக்கையறைக்கு வண்ணம் தேர்ந்தெடுக்க முற்படுவோர் பெரும்பாலும் நிற அட்டையை விரித்துக்கொண்டு சுவரைப் பார்க்கின்றனர். அறையில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட ஒரு நிறம் உண்டு என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. கதவு நிலை, சன்னல் சட்டம், சுவர் அலமாரியின் கதவுகள், பரணின் முகப்புப் பலகை ஆகியவற்றின் நிறம் அது. பழைய வீடுகளில் கண்ணில் படும் பரப்பில் கணிசமான பகுதி மரமாகவே இருக்கும். சுவரின் நிறத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். மரத்தின் நிறம் பல பத்தாண்டுகளில் தானாக வந்து சேர்ந்தது. அதை எந்த அட்டையிலிருந்தும் வாங்க முடியாது. ஆகவே மரத்தை முதலில் வைத்து, அதற்கேற்பச் சுவரைத் தீர்மானிப்பதே முறை. ஆனால் மரத்தையும் சுவரையும் பார்க்கின்ற கண் எது என்ற கேள்வியும் இதில் உண்டு. தென் கொல்கத்தாவின் ஒரு வீட்டில் அக்கேள்வி ஒரு படுக்கையறையின் வண்ணவேலையை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது.

லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கே, சுதந்திரத்துக்கு முன் கட்டப்பட்ட ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில், எழுபத்து நான்கு வயதுத் தாயும் அவருடைய மகளும் வசிக்கின்றனர். தந்தை டல்ஹவுசி சதுக்கத்து அலுவலகமொன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமானார். மகன் பெங்களூரில் இருக்கிறார். தாயின் படுக்கையறை தெற்கு நோக்கியது. கொல்கத்தாவில் தெற்குப் பார்த்த அறைக்குத் தனி மதிப்பு. கோடை மாலையில் அங்கிருந்துதான் காற்று வரும். அவ்வறையில் இரு கதவுகள், மூன்று சன்னல்கள், ஒரு சுவர் அலமாரி, அனைத்தும் தேக்கு. சன்னல் கதவுகளின் வெளிப்புறம், அந்நகரத்தின் வழக்கப்படி, பச்சை எனாமல் பூசப்பட்டது. உட்புறம் பாலிஷ்.

அந்தத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. கொல்கத்தாவின் நடுத்தர வீடுகளிலும் பர்மாத் தேக்கு காணப்படுவதற்கு அது ஒரு காரணம். 1863இல் தொடங்கப்பட்ட பாம்பே பர்மா வணிகக் கழகத்துக்கும் மன்னர் தீபாவுக்கும் இடையே தேக்கு மரங்களுக்கான கட்டணம் குறித்து எழுந்த பூசல், 1885இல் மூன்றாம் பர்மியப் போருக்கே சாக்காக அமைந்தது. அறுத்த புதிதில் தேக்கு பச்சையும் மஞ்சளும் கலந்த திட்டுத் திட்டான நிறத்தில் இருக்கும். வெளிச்சம் பட்ட பிறகே அது சீரான பொன்பழுப்பை அடைகிறது. பல்லாண்டுகளாகச் சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்தால் அடியில் சுவரின் பழைய நிறம் தெரிவதைப் போல, கதவில் பல காலம் பொருந்தியிருந்த பித்தளைத் தகட்டைக் கழற்றினால் அடியில் மரத்தின் இளமை நிறம் தெரியும்.

அந்த நிறத்தின் மீது இன்னொரு நிறமும் படிந்திருக்கிறது. வங்காளத்தில் அதைக் ‘காலா பாலிஷ்’ என்பர். காலா என்றால் அரக்கு. பலாசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களின் கிளைகளில் வாழும் நுண்ணிய பூச்சி சுரக்கும் பிசின் அது. இந்தியாவில் இதை மிகுதியாக விளைவிப்பது ஜார்க்கண்ட். அரக்குக்கென ஓர் ஆய்வு நிறுவனம் ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னுமிடத்தில் 1924இலேயே நிறுவப்பட்டது. மேற்கு வங்கத்தின் புருலியாவிலும் அரக்குத் தொழில் உண்டு. புடவைக் கடையில் ‘அரக்குக் கலர்’ என்று நாம் கேட்கும் கருஞ்சிவப்புக்குப் பெயர் தந்ததும் இதே அரக்குதான். சாயத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் பிசினைச் செதில்களாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அதைக் கொண்டு மரத்தில் மெல்லிய பூச்சாகப் பலமுறை தேய்ப்பார்கள். ஒவ்வொரு பூச்சும் சிறிது ஆரஞ்சுச் சாயலைக் கூட்டும்.

அவ்வீட்டில் அதைச் செய்தவர் தந்தை. ஆண்டுதோறும் பூசை விடுமுறையில், ஒரு மிஸ்திரியிடம் கற்றுக்கொண்ட முறையில், ஏதேனும் ஒரு கதவை அவரே தேய்ப்பார். அறையின் சுவரையும் அவரே தீர்மானித்தார். தொடக்கத்தில் சுண்ணாம்போடு சிறிது நீலம் கலந்து அடித்தார்கள், பின்னர் டிஸ்டெம்பர், கடைசியாக, பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வெளிர்நீல எமல்ஷன். அதன் மேல் கணவன் மனைவிக்கு இடையே ஒரு சிறு பிணக்கு நிலவியது. பூசிச் சில ஆண்டுகளிலேயே சுவர் சாம்பலாகிவிட்டது என்றார் மனைவி. சுவர் அப்படியேதான் இருக்கிறது என்றார் கணவர். ஒவ்வொரு ஆண்டும் அவர் சொல்வார், இவரும் சொல்வார். வழக்கு முடியாமலே அவர் போய்விட்டார்.

சென்ற மழைக்காலத்தில் தெற்குச் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்தது. வண்ணம் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. மகனுடைய யோசனை தெளிவானது: மரத்துக்கு வெள்ளை எனாமல், சுவருக்கும் வெள்ளை, அறை வெளிச்சமாகும், பராமரிப்பும் குறையும். அதைத் தாய் ஏற்கவில்லை. “உங்கப்பா கையால தேய்ச்ச கதவு. அது மேல வெள்ளை அடிக்க நான் விட மாட்டேன்” என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். மகன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கரிய மரம் ஒளியை விழுங்கும். முதுமையில் கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாகத் தேவை. ஆனால் வெள்ளைச் சுவரில் வெள்ளை நிலையைப் பதித்தால், பார்வை குன்றியவருக்கு வாசல் எங்கே தொடங்குகிறது என்பதே புலப்படாமல் போகும். பிரிட்டனின் கட்டட வழிகாட்டுதல்கள் ஒளி பிரதிபலிப்பைச் சுழியிலிருந்து 100 வரை அளவிட்டு, கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே 30 புள்ளி வேறுபாடு வேண்டும் என்று கூறுவது இதனாலேயே. அதற்கு முந்திய ஆடியில் தாய் இரவில் எழுந்து, வாசல் என்று எண்ணி அலமாரியின் ஓரத்தில் தோளை இடித்துக்கொண்டிருந்தார். மரம் மரமாகவே இருக்க வேண்டும் என்பதற்கு மகளுக்கு அந்தக் காயமே போதுமான வாதமாயிற்று.

இனி, எந்தச் சுவர்?

மரத்துக்கு அருகில் வைத்தால் ஒவ்வொரு நிறமும் தன் இயல்பை மாற்றிக்கொள்ளும். பாரிசில் கோபிலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறத்தில் இருக்கிறது என்று கண்டறிந்தார். அடுத்தடுத்து அமர்ந்த இரு நிறங்களும் ஒன்றையொன்று தத்தம் எதிர்நிறத்தை நோக்கித் தள்ளுகின்றன என்ற அவருடைய நூல் 1839இல் வெளிவந்தது. அரக்குப் பூசிய தேக்கு, அடிப்படையில், ஒளி குறைந்த ஓர் ஆரஞ்சு. ஆரஞ்சின் எதிர்ப்பக்கத்தில் நிற்பது நீலம். எனவே நீலச் சுவர் தேக்கைத் தீப்பிடித்தாற்போல் சிவக்கவைக்கும். சாயமற்ற சாம்பல்கூடத் தேக்கின் அருகில் நீலம் பாய்ந்து குளிர்ந்து தோன்றும். அட்டையில் அழகாக இருந்த சாம்பல், அறையில் மருத்துவமனையை நினைவூட்டுவது இதனால்தான். நீலம் கலந்த பளிச்சென்ற வெள்ளையின் பக்கத்தில் பழைய பாலிஷ் அழுக்குப் போலத் தெரியும். சந்தனமும் வெண்ணெய் நிறமும் மரத்தோடு ஒரே குடும்பம் என்பதால் சண்டையிடா. ஆனால் சுவரும் மரமும் ஒன்றில் ஒன்று கரைந்து அறையே மங்கும். எஞ்சுபவை இரண்டு வகை: சிறிதே வெதுவெதுப்பான வெள்ளை, அல்லது மரத்துக்கும் நீலத்துக்கும் இடையில் நிற்கின்ற, சாம்பல் கலந்த மெல்லிய பச்சை. இலைக்கும் கிளைக்கும் இடையே கண் பழகிய உறவு என்பதாலோ என்னவோ, அந்தப் பச்சை மரத்தை உரக்கப் பேசவும் விடுவதில்லை, வாயடைக்கவும் செய்வதில்லை.

மகள் முறைப்படியே தொடங்கினார். கடையில் ஐந்து நிறங்களின் மாதிரிக் குப்பிகளை வாங்கி, இரண்டடிச் சதுர அட்டைகளில் இருமுறை பூசி உலர்த்தினார். அவற்றைச் சுவரின் நடுவில் ஒட்டவில்லை. கதவு நிலையை ஒட்டி நிறுத்தினார். பழைய நிறத்தின் நடுவே வைத்தால் புதிய நிறம் பழையதோடுதான் ஒப்பிடப்படும், மரத்தோடு அல்ல. காலை, நண்பகல், விளக்கு வைத்த பின் என மூன்று வேளையும் பார்த்தார். அறையில் இருந்த 6500 கெல்வின் விளக்குகளைக் கழற்றி 3000 கெல்வின் விளக்குகளைப் பொருத்தியும் பார்த்தார். ஒரே அட்டை இரு விளக்குகளில் இரு வேறு நிறமாயிற்று. பார்த்த இடமும் முக்கியம். படுக்கையறைச் சுவரை அதன் உரிமையாளர் அதிகமாகப் பார்ப்பது படுத்துக்கொண்டுதான். ஆகவே தாயின் தலையணையில் தலை வைத்து அட்டைகளைப் பார்த்தார்.

பிறகு தாயை அழைத்துக் காட்டினார். அங்கேதான் வேலை நின்றது.

வெளிர்நீல அட்டையையும் சாம்பல் பச்சை அட்டையையும் தாய் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு பூசினே?” என்று கேட்டார். வெதுவெதுப்பான வெள்ளையைப் பார்த்து, பழைய மஞ்சள் துணி போலிருக்கிறது என்றார். மகள், அது நீலம், இது பச்சை என்று விளக்க முற்பட்டார். தாயின் முகம் மாறியது. “எனக்கு நிறம் சொல்லித் தரியா? மயில்கழுத்துக்கும் கிளிப்பச்சைக்கும் நடுவுல இருக்கிற அத்தனை பச்சையும் எனக்குத் தெரியும்.” அது உண்மை. உறவினர் வீட்டுத் திருமணங்களுக்குப் புடவை எடுக்க ஒரு காலத்தில் அவரைத்தான் அழைத்துச் செல்வார்கள். நிறம் தெரியவில்லை என்ற சொல் அவருக்கு வயது சொன்ன எந்தச் சொல்லைவிடவும் கடுமையாக இருந்தது. அன்று இரவு அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அட்டைகள் ஒரு வாரம் கதவருகிலேயே சாய்ந்து நின்றன.

இருவரும் தாம் கண்டதையே சொன்னார்கள். எவரும் பிழை சொல்லவில்லை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை பிறப்பில் தெளிவானது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மஞ்சளாகி, கண்புரை முற்றும்போது பழுப்பாகவே மாறக்கூடும். மஞ்சள் வடிகட்டி முதலில் தடுப்பது நீல ஒளியை. நீலம் மங்கிச் சாம்பலாகும். நீலத்துக்கும் பச்சைக்கும் இடையிலான எல்லை அழியும். மாற்றம் மிக மெதுவாக நிகழ்வதால் மூளை அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே வரும். ஆகவே உரியவருக்கு எதுவும் மாறியதாகத் தோன்றாது. உலகம்தான் மங்கிவிட்டதாகத் தோன்றும். ஓவியர் மோனே 1923இல், தம் எண்பத்திரண்டாம் வயதில், கண்புரை அறுவை செய்துகொண்டார். அதன் பின் எல்லாவற்றிலும் நீலம் மிகுந்து தெரிகிறது என்று முறையிட்டார். தேக்குக் கதவின் மீது ஆண்டுதோறும் ஏறிய அரக்கைப் போலவே, தாயின் கண்ணிலும் ஆண்டுதோறும் ஒரு பூச்சு ஏறியிருந்தது.

கண் மருத்துவர் இரு கண்களிலும் புரை முற்றிவிட்டது என்றார். வலக்கண்ணுக்கு மார்கழியில் நாள் குறித்தார், இடக்கண் பின்னர். இப்போது மகளின் முன் இருந்த கேள்வி எளிதானதன்று. சுவரை எந்தக் கண்ணுக்காகத் தேர்ந்தெடுப்பது? இன்றைய கண்ணுக்கு ஏற்ப நிறத்தைக் கூட்டிப் பூசினால் நாளைய கண்ணுக்கு அது கூச்சலிடும். நாளைய கண்ணுக்காகப் பூசினால், அந்த நாளை தாய் நம்ப வேண்டும். அறுவைக்கு அவர் இன்னும் முழுமனத்தோடு இணங்கவில்லை. மகள் அட்டைகளை எடுத்து வைத்தார். கொல்கத்தாவின் மழைக்குப் பின் சுவர் உலரவும் குளிர்காலம் வர வேண்டும். ஈரத்தின் மீது எமல்ஷன் பூசினால் அது கொப்புளித்து உரியும். ஓதத்தைக் காரணமாகக் காட்டிக் காத்திருப்பது தாயின் மனத்தைப் புண்படுத்தாத வழியாகவும் இருந்தது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் காலை, தாய் படுக்கையில் அமர்ந்தபடி இடக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். பிறகு வலக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மீண்டும் இடக்கண்ணை மூடினார். ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை ஆனவர்களுக்கு வாய்க்கும் அனுபவம் அது: ஒரே அறை, ஒரு கண்ணில் தேநீர் ஊற்றினாற்போலவும் மறு கண்ணில் கழுவிவிட்டாற்போலவும் தெரியும். நெடுநேரம் அவர் எதுவும் பேசவில்லை. மகள் காப்பி கொண்டுவந்தபோது, “சுவர் நீலமாத்தான் இருக்கு” என்றார். சற்று நேரம் கழித்து, “அவர் சொன்னது சரிதான். இத்தனை வருஷம் அவரோட சண்டை போட்டிருக்கேன்” என்றார்.

அன்றைக்கு மகள் அட்டைகளை எடுக்கவில்லை. புதிய கண்ணுக்கு முதல் நாட்களில் எல்லாமே சற்று நீலம் பாய்ந்து தெரியும். அது தணியச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். அந்த வியப்பின் நடுவே தேர்ந்தெடுக்கும் நிறம் நிலைக்காது. ஆனால் தாய் காத்திருக்கவில்லை. கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழைய கண்ணுக்குத் தேன் போல ஒரே நிறமாகத் தெரிந்த மரத்தில், தாழ்ப்பாளைச் சுற்றிக் கைபட்டுக் கறுத்த வட்டம், அலமாரியின் கீழ் விளிம்பில் துடைப்பம் உரசிய கோடுகள், சன்னல் சட்டத்தில் மழைநீர் தங்கி வெளுத்த திட்டு எல்லாம் இப்போது தெரிந்தன. நான்கு ஆண்டுகளாக எவரும் தேய்க்காத மரம். “முதல்ல இதைப் பாலிஷ் போடணும். சுவரை அப்புறம் பார்த்துக்கலாம்.” மகள் பல வாரங்களாகப் படித்துத் தெரிந்துகொண்டிருந்த வரிசையைத் தாய் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பாலிஷ் செய்தால் மரத்தின் நிறம் மாறும். மாறிய நிறத்துக்குத்தான் சுவரைப் பொருத்த வேண்டும்.

தையில் மிஸ்திரி வந்தார். மரத்தை உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூசு அறுவை செய்த கண்ணுக்கு ஆகாது என்பதால், தாய் பத்து நாட்கள் முன்னறையில் தங்கினார். சன்னலின் வெளிப்பச்சையைச் சுரண்ட மகள் அனுமதிக்கவில்லை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2016இல்தான் இயற்றப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய எனாமல் அடுக்குகளில் என்ன இருக்கிறது என்பதைப் பார்வையால் அறிய முடியாது. அவற்றை உலர்வாகத் தேய்த்துத் தூளாக்குவது ஆபத்து. வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து அதன் மேலேயே புதுப் பச்சை பூசப்பட்டது. உட்புறத்துக்கு மிஸ்திரி, “மாஷிமா, வார்னிஷ் அடித்தால் ஒரே நாளில் முடியும், பளபளக்கும்” என்று சொல்லிப் பார்த்தார். தாய் அரக்குதான் என்றார். குசும் மரத்து அரக்கு மற்றவற்றைவிட வெளிர்நிறம். அது கிடைத்தால் மரம் மேலும் சிவக்காது என்று மிஸ்திரியே பின்னர் கூறி, அதையே தேடி வாங்கி வந்தார்.

பாலிஷ் காய்ந்த பிறகு, அறுவை முடிந்த ஆறாம் வாரத்தில், ஐந்து அட்டைகளும் மீண்டும் கதவருகே நின்றன. தாய் இப்போது எவரையும் கேட்கவில்லை. ஒவ்வோர் அட்டையையும் முதலில் வலக்கண்ணால், பிறகு இடக்கண்ணால் பார்த்தார். வெளிர்நீலத்தை அவர் எடுத்துக்கொள்வார் என்றே மகள் நினைத்திருந்தார். கணவரின் சுவரல்லவா அது. நீல அட்டையை அவர் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பின்பு தூரமாக வைத்துவிட்டார். “இது பக்கத்துல வந்தா கதவு கத்துறது. அவருக்குக் கதவுதான் முக்கியம்.” ஷெவ்ரல் ஒரு நூல் முழுவதும் எழுதியதை, ஆண்டுக்கணக்காகப் புடவையையும் கரையையும் பொருத்திப் பார்த்த கண் ஒரு பார்வையில் கண்டுகொண்டது. சாம்பல் பச்சை வலக்கண்ணுக்கு இளந்தளிர் போலவும், இடக்கண்ணுக்கு உலர்ந்த வேப்பிலை போலவும் தெரிந்தது. இரண்டிலும் கதவின் விளிம்பு தெளிவாக நின்றது. அதையே எடுத்துக்கொண்டார்.

மகள் ஒரு திருத்தம் மட்டும் செய்தார். சிறு அட்டையில் மென்மையாக இருக்கும் நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது அடர்ந்து தெரியும். ஆகவே அதே நிறத்தில் ஒரு படி வெளிர்ந்ததை, ஒளி பிரதிபலிப்பு 60க்கு மேல் உள்ளதை, மினுமினுப்பில்லாத பூச்சாக வாங்கினார். மேற்கூரைக்குச் சற்று வெதுவெதுப்பான வெள்ளை. ஓதம் ஏறிய தெற்குச் சுவரில் கெட்ட காரையை உரித்து, மூச்சுவிடும் சுண்ணாம்புக் காரையே மீண்டும் பூசப்பட்டது. கட்டிலின் அருகே, தரையை ஒட்டி, இரவு முழுதும் எரியும் சிறு விளக்கொன்று. மகன் கேட்ட வெளிச்சம் மரத்தை மூடாமலே கிடைத்தது. காணொளியில் அறையைப் பார்த்துவிட்டு அவர், கதவுகள் புதிதாகச் செய்தவையா என்று கேட்டார்.

வண்ணக்காரர் கடைசி நாளில் சுவர் அலமாரியின் உள்ளே பூசப் போனபோது தாய் தடுத்தார். அலமாரியின் பின்சுவர் இன்னமும் அந்தப் பழைய வெளிர்நீலத்தில் இருக்கிறது. புடவைகளை எடுக்கக் கதவைத் திறக்கும்போது மட்டும் அது தெரியும். திறந்த தேக்குக் கதவின் அருகில் அது சற்றே உரக்கப் பேசுகிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

இடக்கண் அறுவைக்குப் பங்குனியில் நாள் குறித்திருக்கிறார்கள். இம்முறை தாயே மருத்துவரைக் கேட்டு நாளை முன்னுக்குக் கொண்டுவந்தார். அதன் பின் உலர்ந்த வேப்பிலை மறைந்துபோகும், தளிர் மட்டும் எஞ்சும். அதற்குள் அந்த அறையை இரண்டு கண்களாலும் பார்த்துவிட வேண்டும் என்று, காலையில் எழுந்ததும் கையால் ஒரு கண்ணை மூடித் திறந்து, மறு கண்ணை மூடித் திறந்து, அவர் நாள்தோறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.